மாமியார் அணைத்த விளக்கு

திங்கட்கிழமை மாலை இந்துமதி அக்கா தன் வருகை அட்டையைப் பெஞ்சில் வைத்துத் தட்டியபோது மேலே விளக்கு எரியவில்லை. எரியவே இல்லை என்று எழுதினால் தப்பாகிவிடும். மிகவும் மங்கலாக எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியும், புத்தகத்தில் எழுத்து தெரியாது. அந்த அளவுக்கு.

அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தார். அட்டையை எடுத்து இன்னொரு முறை தட்டினார். ஒன்றும் மாறவில்லை.

"வாங்க வாங்க, நம்ம பேட்டைக்கு வந்துட்டீங்களா" என்றார் பின் பெஞ்சிலிருந்து பிரதாப் அண்ணன். "இங்கெல்லாம் கொசு கூடத் தடவித்தான் கடிக்கும்."

நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். பிரதாப் அண்ணன் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர். அவருடைய நகங்கள் ஒரு வாரம் நீலமாக இருக்கும், ஒரு வாரம் சிவப்பாக இருக்கும். அவர் பெஞ்சு ஆடி மாதத்திலிருந்தே இருட்டு. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் இந்துமதி அக்கா அன்றைக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. தாங்க முடியாத கோடைகள் வரிசையாக வந்த பிறகு, எல்லாப் பள்ளிகளுக்கும் ஆண்டுக்கு இவ்வளவுதான் கரிமப் புகை வெளியிடலாம் என்று ஓர் அளவு வைத்தார்கள். எரிக்கிற மின்சாரம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அளவைத் தாண்டுகிற பள்ளியை அடுத்த ஆண்டு மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். எங்கள் பள்ளி தாண்டியதே இல்லை. மாவட்டத்திலேயே குறைவாக எரிக்கும் பள்ளி என்று வாசலில் வளைவு கட்டி எழுதியிருக்கிறார்கள்.

பகலில் வரும் பிள்ளைகள் எரித்தது போக மீதி எங்களுக்கு. மாலை வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் எட்டாவதோடு, ஒன்பதாவதோடு நின்று வேலைக்குப் போனவர்கள். பத்தாவது எழுத வந்திருக்கிறோம். அந்த மீதி எல்லா பெஞ்சுக்கும் போதாது. அதனால் வராந்தாவில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். எந்த பெஞ்சுக்கு எவ்வளவு வெளிச்சம் என்று அதுதான் முடிவு செய்யும். வெள்ளிக்கிழமை எழுதும் தேர்வுத் தாளைத் திருத்துவதும் அதே பெட்டிதான். திங்கட்கிழமை வந்தால் விளக்குகள் மாறியிருக்கும். சதா அணைத்துக்கொண்டே இருப்பதால் நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தோம்.

மதிப்பெண்ணை மட்டும் சொல்லாது. குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து மனம் உடைந்து பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று மேலிடத்தில் அதை நிறுத்திவிட்டார்களாம்.

நாங்கள் விளக்கைப் பார்த்தே தெரிந்துகொண்டோம். எங்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்கிறோம். அங்கே ஒவ்வொரு மெஷினுக்கு மேலும் ஒரு விளக்கு உண்டு. டார்கெட்டை எட்டினால் பளிச்சென்று எரியும். பின்தங்கினால் மங்கும். ஒரு வாரம் மங்கியே இருந்தால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்காருவார். யாரும் வந்து திட்டமாட்டார்கள், விளக்கே சொல்லிவிடும். ஒன்றரை ஷிப்ட் அந்த விளக்குக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடம் வருகிறவர்களுக்கு, பள்ளி விளக்குக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றவே இல்லை. பிரதாப் அண்ணன் வெள்ளிக்கிழமைத் தாளில் பெயரை எழுதிவிட்டுத் தூங்குவார். அவர் பெஞ்சு இருட்டு. அதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

என் பெஞ்சில் முழு வெளிச்சம். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பேன்.

இந்துமதி அக்காவும் நானும் ஒரே கம்பெனி. அவர் ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில், நான் செக்கிங்கில். கம்பெனி பஸ்ஸில் அவர்தான் எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பார். ஒத்த முக்கோணம் எனக்குப் புரியவே இல்லை. டீச்சர் பலமுறை சொல்லியும் ஏறவில்லை. அக்கா ஒருநாள் பையிலிருந்து கழிவுத் துணியில் வெட்டிய இரண்டு காலர்களை எடுத்து மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார்.

"இது சின்னப் பையனுக்கு, இது பெரிய ஆளுக்கு. முனையப் பாரு. சாய்வு மாறுதா?"

"இல்லக்கா."

"நீளம்?"

"அது மாறுது."

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மாறுது. இல்லைன்னா காலரு கோணிக்கும், சரக்கு வாங்கற பையர் திருப்பி அனுப்பிருவான். அவ்வளவுதான் கண்ணு உன்ற ஒத்த முக்கோணம்."

எனக்குப் புரிந்தது. அக்காவின் விளக்கு மங்கிய பிறகு, அவர் சொல்லிக் கொடுத்த கணக்குகளையெல்லாம் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அப்போது எனக்கு விளக்கின் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குத்தான் எதுவோ பிடிபடவில்லை, எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைத்தேன்.

அடுத்த திங்களும் இருட்டு. அதற்கடுத்த திங்களும். பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்கள். அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். போன் வெளிச்சம் போட வழியில்லை. வெளியிலிருந்து வெளிச்சம் வந்தால் பெட்டி அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மறுநாள் வகுப்புக்கே குறைத்துவிடும். ஆரம்பத்தில் ஒருமுறை அப்படிச் செய்து எல்லோரிடமும் திட்டு வாங்கியவர் பிரதாப் அண்ணன்.

பிறகு அக்கா வருவதை நிறுத்திவிட்டார். கம்பெனி பஸ்ஸிலும் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

டீ நேரத்தில் கேன்டீனில் பிடித்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். இடுப்பு வலி வந்தால் அப்படித்தான் நிற்பார்.

"ஏனக்கா வர்றதில்ல?"

"வந்து என்ன பண்றது கண்ணு? இங்க வெளக்கு மங்குனா ஒரு வாரத்துல எந்திரிச்சுப் போயிடறோம். அங்க மூணு வாரம் உக்காந்திருந்தேன். அதுவே சாஸ்தி."

"மறுபடி எரியுங்க்கா."

"உனக்கு எரியுது. நீ சொல்லுவ." குத்திக் காட்டும் குரலில்லை. களைத்துப்போன குரல். "கோவமில்ல புள்ள. இருக்கறதே கொஞ்சூண்டு கரண்ட். என்ற மண்டைக்கு எரிக்கறத, படிக்கற ஒருத்தருக்கு எரிக்கட்டும். வெயிலு அடிக்கற அடியப் பாக்கறோம்ல. அந்த நேரத்துக்கு நானு தூங்கறேன்."

"வர்ற ஆவணியிலிருந்து மெஷின்ல உக்கார பத்தாவது சர்டிபிகேட் கேப்பாங்களேக்கா."

"கேப்பாங்க."

"இல்லைன்னா பிசிர் வெட்டப் போடுவாங்க. நாள் முழுக்க நிக்கணும்."

"தெரியும்" என்றார். டீயை முழுதும் குடிக்காமல் டம்ளரை வைத்துவிட்டு, கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தையல் லைனுக்குப் போனார்.

பத்தாவது தேர்வுக்குப் பெயர் கொடுக்க வியாழக்கிழமை கடைசி. ஹசீனா டீச்சர் செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டார். அவர் காலையிலிருந்தே பகல் பள்ளியிலும் பாடம் நடத்துகிறவர். மாலை வகுப்பு முடியும்போது சாக்பீஸைப் பிடிக்கக்கூட விரல் மடங்காது.

"நான் போன் பண்ணா இந்துமதி எடுக்கறதில்ல மிதுனா. நீ பேசிப் பாத்தியா?"

"பேசினேன் டீச்சர். அக்காவுக்குப் படிப்பு வராதுன்னு பெட்டியே சொல்லுது இல்லையா? நான் என்னன்னு சொல்றது?"

"பெட்டி என்ன சொல்லுதுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? மாசக் கடைசியில வகுப்போட மொத்தக் கணக்கு ஒண்ணு அனுப்புவாங்க. ஆளாளுக்கு எவ்வளவுன்னு எனக்கும் காட்ட மாட்டாங்க." தன் மேஜைக்கு மேலே பார்த்தார். அந்த விளக்கு ஆரம்பத்திலிருந்தே மங்கல்தான். "வெளக்கப் பாத்துச் சொல்றதுன்னா நானும் பெயில்தான்."

சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன்.

புதன்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்பே பள்ளிக்குப் போய்விட்டேன். வராந்தாவில் ஏணி போட்டு ஒருவர் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பராமரிக்க வந்தவர், ஜெயசீலன் என்று சட்டையில் எழுதியிருந்தது. பிரதாப் அண்ணன் ஏணியைப் பிடித்தபடி அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, அப்படியே மாமியார்கிட்ட நம்மளப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன்."

"யாருங்க மாமியார்?"

அண்ணன் பெட்டியைக் காட்டினார். ஜெயசீலன் சிரித்ததில் ஏணி ஆடியது. "எங்க ஆபீஸ்ல இதுக்கு வெச்சிருக்கற பேரை இங்க சொல்ல முடியாதுங்க. உங்களுக்கு வெளக்கு மங்கலா?"

"ஆடியிலிருந்து. தேறாத கேஸுன்னு முடிவு பண்ணிருச்சு."

"மார்க்கப் பாத்து எரியறதில்லீங்க இது."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். துணியை உதறிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினார். நான் கிட்டே போய், "வேற எதைப் பாத்துங்கண்ணா எரியுது?" என்று கேட்டேன்.

"பிரயோஜனத்தப் பாத்து." கீழே இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "ஒரு குடம் தண்ணிதான் இருக்குன்னு வெச்சுக்கோங்க. மூணு செடி. ஒண்ணு பட்டுப்போச்சு. ஊத்துனாலும் தழையாது. ஒண்ணு வேர் நல்லா எறங்கிருச்சு. ஊத்தலைன்னாலும் நிக்கும். இன்னொண்ணு வாடிட்டு இருக்குது. எதுக்கு ஊத்துவீங்க?"

"வாடறதுக்கு" என்றார் பிரதாப் அண்ணன்.

"அதைத்தான் இதும் செய்யுது. வெளக்குப் போட்டா இந்த ஆள் பாஸாகறது மாறுமா, மாறாதா? மாறும்னா போடும். மாறாதுன்னா அணைச்சிரும்."

எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும். கேட்டதை மனதுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பிறகு கேட்டேன். "அப்ப முழுசா எரியற பெஞ்சு?"

"இழுபறி. தேறலாம், தேறாமயும் போலாம்." என்னைப் பார்த்தார். "உங்க பெஞ்சு எதுங்க?"

நான் காட்டவில்லை. பிரதாப் அண்ணனும் காட்டிக் கொடுக்கவில்லை.

"மூணாவது வரிசையில ஜன்னல் ஓரம் ஒரு பெஞ்சு இருட்டா இருக்குங்க. அது எந்த இருட்டுன்னு பாத்துச் சொல்ல முடியுங்களா? பட்டுப்போனதா, வேர் எறங்குனதா?" என்று அக்காவின் பெஞ்சைப் பற்றிக் கேட்டேன்.

அவர் கையிலிருந்த கருவியில் தேடினார். சற்று நேரம் பார்த்தார். "பூஜ்யம்னு இருக்குங்க. அவ்வளவுதான் இருக்கும். போட்டாலும் போடாட்டியும் ஒண்ணு. ஏன் ஒண்ணுன்னு எழுதி வைக்கறதில்ல. அதுக்கு அது தேவையில்லையே."

"இதை எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"யாரும் கேக்கலீங்க." அவர் முகத்தில் உண்மையான குழப்பம் இருந்தது. "வெளக்குன்னா ஜனங்க வெளக்காத்தான் பாப்பாங்கன்னு ஆபீஸ்ல நெனச்சிருப்பாங்க."

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வராந்தாவுக்குப் போனார். வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிடலாமா என்று பிரதாப் அண்ணனைக் கேட்டேன்.

"வேண்டாம் பாப்பா. வெளிச்சத்துல இருக்கறவனுக்குக் கை நடுங்கும். இருட்டுல இருக்கறவனெல்லாம் நான் பாஸுன்னு காலை நீட்டிப் படுத்துக்குவான்." நீல நகத்தால் ஏணி நின்ற இடத்தில் தூசியைக் கீறினார். "என்ற இருட்டு எந்த இருட்டுன்னு எனக்குத் தெரியும். அதை யாரும் சொல்ல வேண்டியதில்ல."

அன்றைக்கு முழு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் முன்னால் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஜெயசீலன் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன், செடி உட்பட. பூஜ்யம் என்று இருந்ததையும் சொன்னேன். என் பெஞ்சைப் பற்றியும் சொன்னேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். "பட்டுப்போன செடின்னா?"

"இருக்கலாங்க்கா. தெரியாது."

"தெரியாம எதுக்கு வந்து சொல்ற?"

"உங்களுக்கு வரும்னு சொல்றதுக்கு."

"பெட்டி சொல்லுச்சா?"

"பெட்டி சொல்லலை. நான் சொல்றேன்." நான் எதையும் இப்படி உறுதியாகச் சொன்னதில்லை. சொல்லும்போதே, தப்பாகப் போனால் அக்கா என்னை என்ன நினைப்பார் என்று தோன்றிக்கொண்டிருந்தது. "எனக்குத் தெரிஞ்ச கணக்கெல்லாம் நீங்க இந்த பஸ்ஸுல சொல்லிக் கொடுத்ததுதான். எல்லாத்தையும் புத்தகத்துல பாத்துட்டேன். ஒண்ணுகூடத் தப்பில்லை."

"நான் சொல்லிக் கொடுத்தத நீ போயி சரி பாத்தியா?"

நான் டிபன் பாக்ஸின் மூடியை அழுத்தினேன்.

"களவாணி" என்றார் அக்கா. என் மடியிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இறங்கறப்ப வாங்கிக்க. கூட்டத்துல கவுத்துருவ."

அன்று மாலை அவர் வந்தார். ஹசீனா டீச்சர் எதுவும் கேட்காமல் பெயரைப் பதிந்தார். இருட்டு பெஞ்சில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அக்கா. வெள்ளிக்கிழமைத் தேர்வையும் அந்த இருட்டிலேயே எழுதினார். நடுவில் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்ததைப் பார்த்தேன். முன்பெல்லாம் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்.

திங்கட்கிழமை நான் என் விளக்கைப் பார்க்கவில்லை. அக்கா நுழைந்து, பையைக் கழற்றி, அட்டையைத் தட்டினார்.

மேலே விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஜன்னல் கம்பியின் நிழல்கூட பெஞ்சின் மேல் விழுந்தது.

வகுப்பே கை தட்டியது. "அக்காவுக்கு வந்துருச்சு" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். முன் பெஞ்சுப் பெண் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஹசீனா டீச்சரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இந்த வெளிச்சத்துக்காக வேறு எந்த பெஞ்சிலாவது குறைந்திருக்க வேண்டும். எது என்று நான் தேடவில்லை. பிரதாப் அண்ணன் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா சிரிக்கவில்லை. விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை தட்டல் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"அப்ப அது நல்ல இருட்டுதான் போல. வேர் எறங்குன இருட்டு."

"ம்."

"வராம இருந்ததுல போயிருச்சு."

அக்கா இடுப்புக்குப் பின்னால் ஒரு கையை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்து விளக்குக்கு நேராகத் தள்ளி வைத்தார். வெளிச்சம் வெள்ளைத் தாளில் பட்டு அவர் முகத்தில் அடித்தது.

"எரியற வரைக்கும் படிப்போம்" என்றார். "நான் இல்லாதப்ப எங்க வரைக்கும் போனீங்க? காட்டு."